அடக்கம்

‘அடக்கு’ என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு தமிழில் என்னென்னவோ செய்கிறோம். கோபத்தை அடக்கலாம், காளையை அடக்கலாம், வாயை அடக்கலாம், ஒண்ணுக்கை அடக்கலாம். அதைப் பெயர்ச்சொல் ஆக்கினால் அடக்கம். குறளில் அதற்கு ஓர் அதிகாரமே உண்டு. செத்தவரைப் புதைப்பதற்கும் அதே சொல்தான். இவ்வளவு பெருமையுள்ள சொல்லை ஏழு வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பைமீது ஏற்றிவிட்டு, அவள் உட்கார்ந்த இடத்தில் நெளிவதைப் பார்த்து, “சமத்து, பெல் அடிக்கிற வரைக்கும் அடக்கிக்கோ” என்கிறோம்.

நான் சொல்ல வருவது இதுதான். பள்ளி செல்லும் வயதுக் குழந்தைகளுக்கு, முக்கியமாகப் பெண் குழந்தைகளுக்கு, வரும் சிறுநீர்ப் பாதைத் தொற்றில் ஒரு பங்கை நாம் உற்பத்தி செய்கிறோம். கால அட்டவணை போட்டு, மணி அடித்து, கதவைப் பூட்டி உற்பத்தி செய்கிறோம். செய்துவிட்டு அதற்கு ‘சூடு’ என்று பெயர் வைக்கிறோம்.

‘சூடு பிடிச்சிருச்சு.’ தமிழ் வீடுகளில் நீர்க்கடுப்புக்கு உடனே கிடைக்கும் விளக்கம் இது. வெயில் காரணம், கோழிக்கறி காரணம், மாம்பழம் காரணம், சிமென்ட் தரையில் உட்கார்ந்தது காரணம். தொப்புளில் விளக்கெண்ணெய் வை, இளநீர் கொடு, வெந்தயத்தை ஊறப் போடு, பார்லிக் கஞ்சி வை. பாட்டிகளைக் கிண்டல் செய்ய நான் இதை எழுதவில்லை. இளநீரும் கஞ்சியும் குடித்தால் கொஞ்சம் கூடுதலாகச் சிறுநீர் போகும், அது நல்லதுதான். பிரச்சினை வேறு. சூடு என்று சொன்னவுடன் குற்றவாளி கோடைக்காலம் ஆகிவிடுகிறது. வெயில்மீது யார் வழக்குப் போட முடியும்? பள்ளிக்கூடம் தப்பிக்கிறது, அரசு தப்பிக்கிறது, காய்ச்சல் என்றதும் ஆன்டிபயாடிக் எடுத்துக் கொடுக்கும் மருந்துக்கடை தப்பிக்கிறது.

*

உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

இந்தத் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. அது எங்கிருந்தோ பறந்து வருவதில்லை. நம் குடலில் குடியிருக்கும் கிருமிதான். மலத்துளை பக்கத்திலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாய்க்குள் ஏறுகிறது. பெண் குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குட்டை, அதனால் பயணமும் குறைவு. சிறுநீர்ப்பைக்குள் சில கிருமிகள் ஏறிப் போவது யாருக்கும் நடக்கக்கூடியது. உடம்பு அதற்கு வைத்திருக்கும் முதல் காவல் ரொம்ப எளிமையானது: அடிக்கடி முழுசாகக் கழுவி வெளியே தள்ளிவிடுவது. ஒண்ணுக்குப் போவது என்பது அதுதான்.

கழுவாமல் விட்டால்? ஆய்வகத்தில், எல்லா வசதியும் செய்துகொடுத்தால் ஈ.கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். சிறுநீரில் அவ்வளவு வேகம் இருக்காது. தாராளமாக ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். காலை 7:15க்கு வேன் ஏறிச் சாயங்காலம் 4:15க்கு வீட்டுக்கு வரும் பிள்ளை ஒன்பது மணி நேரம் போகவில்லை என்றால் ஒன்று 512 ஆகும். அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தால் 2,62,144. இரண்டின் அடுக்குகளைப் பற்றி எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. குழந்தையின் வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் அவளுடைய சிறுநீர்ப்பையின் கொள்ளளவு மில்லிலிட்டரில் ஏறக்குறைய கிடைக்கும் என்பது மருத்துவர்கள் பயன்படுத்தும் வாய்ப்பாடு. ஏழு வயதுக்கு 270 மில்லி. அந்த வயதில் 22 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு, கிலோவுக்கு மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு மில்லி என்று, ஒன்பது மணி நேரத்தில் 200 முதல் 400 மில்லி சிறுநீர் சேரும். ஒழுங்காகத் தண்ணீர் குடித்தால் 270ஐத் தாண்டியே தீரும். ஆக, அடக்கியே ஆக வேண்டும் என்றால் பிள்ளைக்கு இருப்பது ஒரே வழி. குடிக்கக் கூடாது. காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணி பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருவதைப் பார்த்து “ஏண்டி, ஒரு வாய் கூடக் குடிக்கலையா?” என்று கத்துகிறோமே, அந்தப் பிள்ளை இந்தக் கணக்கை நமக்கு முன்பே போட்டு முடித்துவிட்டாள்.

இதோடு நிற்பதில்லை. காலையில் அவசர அவசரமாகக் கிளம்பும் பிள்ளை ரெண்டுக்கும் போவதில்லை. பள்ளியில் போவது பற்றிக் கேட்கவே வேண்டாம். மலம் இறுகிக் குடல் நிரம்பினால் அது முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது, பை முழுசாகக் காலியாவதில்லை. மலச்சிக்கலைச் சரிசெய்தாலே திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று பல குழந்தைகளுக்குக் குறைகிறது என்பது குழந்தை மருத்துவர்களுக்குப் பழைய செய்தி. நாள்கணக்கில் அடக்கிப் பழகிய பிள்ளைக்கு, உட்கார்ந்த பிறகும் தசை தளர மறுக்கிறது. பாதி போய்விட்டு எழுந்து வந்துவிடுவாள். மீதி உள்ளேயே தேங்கும். அடக்கம் உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

எல்லாத் தொற்றுக்கும் பள்ளிக்கூடம் காரணம் என்று நான் சொல்லவில்லை. கைக்குழந்தைகளுக்கும் இது வருகிறது. பிறந்த முதல் சில மாதங்களில் ஆண் குழந்தைகளுக்குத்தான் அதிகம். சிறுநீர் பையிலிருந்து சிறுநீரகத்துக்கே திரும்ப ஏறும் பின்னோட்டம் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்கும். காய்ச்சலோடு முதல் தொற்று வந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் இதைக் காணலாம். சில ஆண் குழந்தைகளுக்குப் பாதையிலேயே பிறவி அடைப்பு இருக்கும், தாரை மெலிந்து சொட்டுச் சொட்டாக வரும். அவற்றை யாரும் உண்டாக்கவில்லை, கவனித்துக் கண்டுபிடிக்க வேண்டும். நான் பேசுவது கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லாத பங்கைப் பற்றி. காரணம் நமக்கெல்லாம் தெரியும். வகுப்பறையின் பின்பக்கம், நாற்றம் வரும் திசையில் இருக்கிறது.

*

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை உடைக்க வேண்டியிருக்கிறது. அதைப் பரப்புவது நம்மைப் போன்ற படித்த பெற்றோர்தான்.

“ஸ்கூல் பாத்ரூம் போகாதடா கண்ணு, இன்ஃபெக்‌ஷன் வந்துரும்.”

எத்தனை அம்மாக்கள் இதைச் சொல்லி அனுப்புகிறார்கள்! நல்ல எண்ணத்தில்தான். ஆனால் கிருமி பிள்ளையின் குடலிலேயே இருக்கிறது என்று மேலே பார்த்தோம். அழுக்கான கழிவறையில் போய்வருவதால் சிறுநீர்த் தொற்று ‘ஒட்டிக்கொள்வது’ அபூர்வம். அழுக்கான கழிவறைக்குப் பயந்து போகாமல் இருப்பதால் வருவதுதான் நடைமுறை. வெஸ்டர்ன் டாய்லெட்டில் தொடை படாமல் பாதி நின்றவாக்கில் போகச் சொல்லிக்கொடுக்கிறோமே, அதிலும் தசை இறுகிப் பை முழுசாகக் காலியாகாது. தொற்று வரக் கூடாது என்று நாம் கொடுக்கும் அறிவுரையே தொற்றுக்கு வழிவிடுகிறது. நாறும் கழிவறைக்கு எதிராகப் பெற்றோர் செய்ய வேண்டியது போராட்டம். நாம் போராட்டத்தைப் பிள்ளையின் சிறுநீர்ப்பையிடம் ஒப்படைத்துவிட்டோம்.

“அப்ப நாறுற இடத்துக்குப் போகச் சொல்றியா?” என்று கேட்பீர்கள். நாற்றத்தை யார் சரிசெய்ய வேண்டும் என்பதில் நமக்குச் சட்டமே இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், பள்ளிக் கட்டடத்தில் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிவறை இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆறு மாதக் கெடு கொடுத்துப் பள்ளிகளில் கழிவறை, குடிநீர் வசதி செய்யச் சொன்னது. 2014 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து பிரதமர், எல்லாப் பள்ளியிலும் பெண் குழந்தைகளுக்குத் தனிக் கழிவறை ஒரே ஆண்டில் என்றார். பொதுத்துறை நிறுவனங்கள் பள்ளிகளில் ஆயிரக்கணக்கில் கட்டின. 2020இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வந்தது. அவர்கள் நேரில் போய்ப் பார்த்த, கட்டி முடிக்கப்பட்ட 2,326 கழிவறைகளில் 1,679இல் உள்ளே ஓடும் தண்ணீர் இல்லை. 72 விழுக்காடு.

தண்ணீர் இல்லாத கழிவறையைக் கழிவறை என்று எப்படிக் கணக்கில் சேர்க்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் தொழிலில் ஓடாத மென்பொருளை ‘முடித்தாயிற்று’ என்று குறித்தால் அன்றைக்கே கூப்பிட்டுக் கேட்பார்கள். இங்கே நான்கு சுவரும் ஒரு கதவும் நின்றால் போதும். புகைப்படம் எடுத்து ஏற்றிவிட்டால் திட்டம் நிறைவேறிவிடும்.

*

இது அரசுப் பள்ளிப் பிரச்சினை, நாங்கள் லட்ச ரூபாய் கட்டுகிறோம் என்று நினைப்பவர்களுக்கு.

என் மகள் படித்த பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும் என்பதுதான் காரணம். டைல்ஸ் போட்ட கழிவறை, தண்ணீர் வருகிறது, தாழ்ப்பாளும் இருக்கிறது. இல்லாதது அனுமதி. பத்து நிமிட இன்டர்வெல். அவள் மாடியில் பெண் பிள்ளைகளுக்கு நான்கு அறைகள். பெல்ட், பினோஃபோர், உள்ளே ஷார்ட்ஸ், இவ்வளவையும் கழற்றி மாட்டும் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒன்றரை நிமிடம் என்று போட்டாலும் பத்து நிமிடத்தில் நான்கு அறைகளில் போய்வரக்கூடியவர்கள் 24 பேர். அந்த மாடியில் பெண் பிள்ளைகள் 90 பேருக்கு மேல். மீதிப் பேர் வகுப்பு நேரத்தில் ஒரு விரலைத் தூக்க வேண்டும். தூக்கினால், “இப்பதானே இன்டர்வெல் முடிஞ்சுது? அப்ப என்ன பண்ணிட்டிருந்த?”

மூன்றாவது முறை காய்ச்சல் வந்தபோது மருத்துவர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்: இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் சிறுநீர் கழிக்க வேண்டும். நான் அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

“மேடம், ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க” என்றார் பொறுப்பாசிரியை.

“கேக்கட்டும் மேடம். எல்லாருக்கும்தானே வரும்?”

“கிளாஸ் டிஸிப்ளின்னு ஒண்ணு இருக்குல்ல. நீங்க மெடிக்கல் சர்டிஃபிகேட் குடுத்துருங்க, பாப்பாவுக்கு மட்டும் ஸ்பெஷல் பெர்மிஷன் போட்டுத் தரோம்.”

சான்றிதழ் கொடுத்தேன். அடுத்த வாரத்திலிருந்து வகுப்பில் அவள் பெயர் ‘பாத்ரூம் சர்டிஃபிகேட்’. ஒரு மாதத்தில் அந்தச் சிறப்பு அனுமதியைப் பயன்படுத்துவதை அவளே நிறுத்திவிட்டாள். நாற்பது பேர் பார்க்க எழுந்து போவதைவிட அடக்குவது அவளுக்கு மேலாகத் தெரிந்தது. பள்ளியை மாற்றினோம். மாற்ற எங்களிடம் பணம் இருந்தது. அது தீர்வு இல்லை. அவள் விட்டுவந்த மாடியில் இன்னும் 90 பேர் இருக்கிறார்கள்.

நான் வேலை செய்யும் அலுவலகத்தில் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது எழுந்து போகிறேன். அதில் இரண்டு முறை சும்மா. யாரும் விரலைத் தூக்கச் சொல்வதில்லை, சான்றிதழ் கேட்பதில்லை. கழிவறைக் கதவின் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மணிக்கு ஒருமுறை சுத்தம் செய்த அக்கா அதில் கையெழுத்துப் போடுவார். முப்பது வயதுக்கு மேற்பட்ட, அடக்கிக்கொள்ளத் தெரிந்த, சம்பளம் வாங்குகிற உடம்புகளுக்கு இவ்வளவு ஏற்பாடு. “உங்க பொண்ணு ஸ்கூல்ல எப்படிக்கா?” என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். “அது எங்க கண்ணு போகுது, வீட்டுக்கு வந்ததும்தான் பைய வீசிட்டு ஓடும்” என்றார்.

இதில் சாதி இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். கழிவறை கழுவுவது சம்பளம், கையுறை, பிரஷ், தண்ணீர் என்று செலவுக் கணக்கில் எழுத வேண்டிய வேலை என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. அது யாரோ சிலர் பிறந்தே வந்து செய்ய வேண்டியது என்று உள்ளுக்குள் எழுதிவைத்திருக்கிறோம். அதனால்தான் ஸ்மார்ட் போர்டுக்குப் பணம் வருகிறது, துப்புரவுப் பணியாளருக்கு அரைச் சம்பளம்கூட நேரத்துக்கு வருவதில்லை. அதனால்தான் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவச் சொன்ன தலைமையாசிரியர் என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. கழுவ ஆள் இல்லாத இடத்துக்கு எந்தப் பிள்ளையும் போகாது. போகாத பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். சாதி கிருமியாக வருவதில்லை, பட்ஜெட்டாக வருகிறது.

*

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று தெரியும்.

“நாங்கல்லாம் அந்தக் காலத்துல அடக்கலையா? நல்லாத்தானே இருக்கோம்?” நல்லாத்தான் இருக்கிறீர்களா? வெளியூர் கல்யாணத்துக்குப் போனால் தண்ணீரைத் தொடாத அத்தைகள், பஸ் ஏறும் முன் மூன்று மணி நேரம் பட்டினி கிடக்கும் சித்திகள் இல்லாத குடும்பம் எது? அது பழக்கம் அல்ல, பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த பயிற்சி. நம்மூர் ஆண்களுக்குச் சுவர் இருந்தது. அவர்கள் ‘நாங்கல்லாம்’ என்று தொடங்கும் முன் யோசிக்கலாம்.

“விட்டா சாக்குச் சொல்லிட்டுச் சுத்துவாங்க.” சுத்தட்டும். ஐந்து நிமிடம் வராந்தாவில் சுற்றினால் போவது பாதிப் பக்கம் பாடம். நான் அலுவலகத்தில் சும்மா போகும் அந்த இரண்டு முறையால் எந்த நிறுவனமும் மூழ்கவில்லை.

“வந்தா மருந்து இருக்குல்ல?” இதுதான் மிக ஆபத்தான வாதம். ஏழு வயதுக்குள் ஒருமுறையாவது இந்தத் தொற்று வந்தவர்கள் பெண் குழந்தைகளில் ஏறக்குறைய 8 விழுக்காடு, ஆண் குழந்தைகளில் 2 விழுக்காடு என்று ஸ்வீடனில் பள்ளியில் சேரும் பிள்ளைகளை வைத்து எடுத்த கணக்கு 1991இல் வெளியானது. கழிவறைக்குப் பஞ்சமில்லாத நாட்டில் இது. இருபது பெண் பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒன்றிரண்டு பேர். பெரும்பாலானோருக்கு மருந்தில் சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் தொற்று மேலேறிச் சிறுநீரகத்தைத் தொட்டால் சிலருக்குத் தழும்பு விழும். தழும்பு போகாது. அந்தச் சிலரில் சிலருக்குப் பின்னாளில் ரத்த அழுத்தம், கர்ப்பக் காலச் சிக்கல், சிறுநீரகம் பழுதாவது வரை போகலாம். பின்னோட்டம் உள்ள 607 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. தினமும் சிறு அளவு ஆன்டிபயாடிக் கொடுத்ததில் திரும்பத் தொற்று வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தழும்பில் வித்தியாசம் இல்லை. மாத்திரை எல்லாவற்றையும் துடைத்துவிடாது.

அந்த மருந்தையும் நாம் எப்படிக் கொடுக்கிறோம்? சளி இல்லை, இருமல் இல்லை, 102 டிகிரி காய்ச்சல். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் சிறுநீரைப் பார்த்தே ஆக வேண்டிய நிலை. சின்னக் குழந்தைக்கு எரிகிறது என்று சொல்லத் தெரியாது. காய்ச்சல், வாந்தி, பால் குடிக்க மறுப்பது, சிணுங்கல், இவ்வளவுதான் தெரியும். நாம் போவதோ மருந்துக்கடைக்கு. “அண்ணா, போன தடவ குடுத்தீங்கல்ல, அந்த சிரப்.” இரண்டு வேளை உள்ளே போனதும் சிறுநீர்க் கல்ச்சரில் கிருமி வளராது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற ஒரே சாட்சியத்தையும் அழித்துவிட்டோம். லாக் எடுக்காமல் சர்வரை ரீஸ்டார்ட் செய்கிற ஜூனியரை நாங்கள் திட்டுவோம். இங்கே ஊரே அதைச் செய்கிறது. பல மருந்துகளுக்கு மசியாத ஈ.கோலை நம் நாட்டு மருத்துவமனைகளில் இப்போது சர்வசாதாரணம்.

ஆகவே கல்ச்சருக்குக் கொடுத்துவிட்டு மருந்தை ஆரம்பியுங்கள். முடிவு வர இரண்டு நாள் ஆகும், மருத்துவர் அதுவரை தகுந்ததைக் கொடுப்பார். நன்றாகக் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வரும் சிறுநீரைப் பிடியுங்கள். கைக்குழந்தைக்குப் பை ஒட்டிப் பிடிப்பதில் தோலில் உள்ள கிருமியெல்லாம் கலந்துவிடும், அதை வைத்துத் தொற்று என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பெரிய பிள்ளை திடீரென்று படுக்கையை நனைக்க ஆரம்பித்தால் அடிக்காதீர்கள். சோதியுங்கள்.

*

2019இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கத் தனி மணி அடித்தார்கள். 2025இல் தமிழ்நாட்டுக்கும் ‘வாட்டர் பெல்’ வந்தது. நல்ல ஏற்பாடு, கைதட்டுகிறேன். ஆனால் குடித்த தண்ணீர் எங்கே போகும்? உள்ளே போவதற்கு மணி அடித்துவிட்டு வெளியே போவதற்கு விரல் தூக்கச் சொன்னால், பிள்ளைகள் மணி அடிக்கும்போது பாட்டிலை வாயில் வைத்து எடுத்துவிடுவார்கள். அவ்வளவு கெட்டிக்காரர்கள்.

இலக்கியம் படிக்கிற நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. பெருமாள்முருகன் ‘பீக்கதைகள்’ என்று ஒரு தொகுப்பே கொண்டுவந்த மொழி இது. உடலரசியல் என்று மேடைபோட்டு எத்தனையோ பேசிவிட்டோம். அந்தப் பேச்சில் வரும் உடல் எப்போதும் வளர்ந்த உடல். ஏழு வயது உடலுக்கும் அரசியல் உண்டு. அதைக் கேட்க கோட்பாடு எதுவும் வேண்டாம், அடுத்த பெற்றோர் கூட்டம் போதும்.

மதிப்பெண் பேசி முடித்ததும் எழுந்து கேளுங்கள். இந்த மாடியில் எத்தனை பெண் பிள்ளைகள், எத்தனை கழிவறைகள்? இன்டர்வெல் எத்தனை நிமிடம்? ஒரு நாளைக்கு எத்தனை முறை கழுவுகிறீர்கள், கழுவுபவருக்கு என்ன சம்பளம்? வகுப்பு நடுவில் ஒரு பிள்ளை கேட்டால் காரணம் கேட்காமல் அனுப்புவீர்களா? பிறகு, கொஞ்சம் வழிகாட்டச் சொல்லி, பிள்ளைகள் போகும் அந்தக் கழிவறைக்கு நீங்களே போய்விட்டு வாருங்கள். பெற்றோருக்கென்று வரவேற்பறைப் பக்கம் வைத்திருக்கும் கழிவறையைக் காட்டுவார்கள். அங்கே போகாதீர்கள்.